வகுப்பறையின் குரல் வீட்டுக்கு எட்டுகின்றதா?

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்பது அரசின் ஆணை. காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் வரிசை வரிசையாகக் கட்டுண்டு நிற்கும் அந்நாட்களில்தான் விசைப்படகுத் தொழிலாளியான தந்தை தம் இல்லத்தில் பகற்பொழுதைக் கழிக்கின்றார். ஆனால், தொடக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறத்தாழ இதே நாட்களில்தான் வருகின்றது! தந்தை வீட்டில் இருக்கையில் பள்ளி பூட்டிக் கிடக்கின்றது. பள்ளி திறந்த சில நாட்களில் தந்தை கடலுக்குப் போய்விடுகின்றார். படகு கரையை விட்டுச் சில கடல் மைல் சென்றதும் கைப்பேசியின் சிக்னலும் அற்றுப்போகின்றது. தம் மகளுக்குப் பாடஞ்சொல்லும் ஆசிரியையை அவர் எந்நாளில் காண்பது?

அன்னையின் நிலையும் இதனினும் எளிதன்று. மீன் விற்கும் பெண்கள் நள்ளிரவு கடந்ததும் ஏலத்திற்குப் புறப்பட்டு, கூடையுடன் சந்தைக்குச் சென்று, விற்று முடித்து வீடு திரும்ப நண்பகலாகிவிடும். திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்போர் ஒரு வாரம் பகலில் உறங்குவர். மறுவாரம் இரவில் உறங்குவர். மணலி போன்ற இடங்களில் எண்ணெய்ச் சுத்திகரிப்புப் பணிக்குச் செல்வோர், தீப்பற்றும் அபாயம் கருதிக் கைப்பேசியை வாயிலிலேயே ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்ல வேண்டும். இவர்களையெல்லாம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டத்திற்கு அழைத்துவிட்டு, வந்தவர்களை எண்ணிப் பார்த்து, "இப்பகுதிப் பெற்றோர்க்குப் பிள்ளைகள் கல்வியில் அக்கறை இல்லை" என்று முடிவு கட்டுவோர் உளர். இம்முடிவு நியாயமற்றது என்பதே நம் கருத்து. கடிகாரம் ஒத்துவரவில்லை, அவ்வளவே.

வாசக அன்பர்களே, இவ்விடத்தில்தான் கைப்பேசி வந்து நிற்கின்றது. ஆசிரியை மாலையில் சொல்வதை அன்னை நண்பகலில் கேட்கலாம். படகு கரையை நெருங்குகையில் தந்தை கேட்கலாம். சொல்பவரும் கேட்பவரும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் இருக்கத் தேவையில்லை. வடசென்னைக் குடும்பங்களுக்கென்றே செய்தாற்போல் அமைந்த கருவி இது. எனினும் அதனை நாம் கையாளும் விதம் சரிதானா என்பதைக் குறித்தே இம்மாதம் சில சொல்ல விழைகின்றோம்.

நம் மாநிலத்தில் வகுப்புக்கொரு வாட்ஸ்அப் குழு என்னும் வழக்கம் வேரூன்றியது பெருந்தொற்றுக் காலத்தில்தான். 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. பத்தொன்பது மாதங்களுக்கு மேல் ஒரு குழந்தை தன் ஆசிரியை முகத்தை நேரில் காணவில்லை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பிற்று. 2018 முதல் பாடநூல்களில் அச்சாகிவந்த க்யூஆர் குறியீடுகள் திடீரென மதிப்புப் பெற்றன. வீட்டுப்பாடம் குழுக்களில் வந்து விழுந்தது. ஆனால் பயன் ஒரே சீராக இல்லை. இந்திய நாட்டுப்புறக் குடும்பங்களைப் பற்றிய 'ஏசர்' ஆய்வு 2021-இல் ஓர் உண்மையை வெளிப்படுத்திற்று. 2018-இல் பள்ளிக் குழந்தைகளின் வீடுகளில் 36.5 விழுக்காட்டில் இருந்த ஸ்மார்ட்போன், 2021-இல் 67.6 விழுக்காட்டிற்கு உயர்ந்துவிட்டது. ஆயினும் அக்கருவி உள்ள வீடுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு அது கைக்கு எட்டவேயில்லை! காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டா. வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் தந்தையின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடுகின்றது. நகர்ப்புறமாகிய நம் இராயபுரத்திலும் இது புதுமையன்று.

பள்ளி திறக்குமுன்னரே, 2021 அக்டோபர் 27 அன்று, தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் குழந்தைகளின் குடியிருப்புக்கே வந்து ஒன்றரை மணி நேரம் வரை உடனிருந்து கற்பித்தனர். திரையால் நிரப்ப இயலாத பள்ளத்தை ஆள் வந்துதான் நிரப்ப வேண்டியிருந்தது.

அப்படியானால் கைப்பேசி வீண்தானா? அதுவும் அன்று. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா நாட்டில் 2020-ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடப்பட்ட வேளையில், தொடக்கப்பள்ளி மாணவரின் சுமார் 4,500 குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. இணையமோ விலையுயர்ந்த கருவியோ அதற்கு வேண்டியிருக்கவில்லை. சாதாரணக் கைப்பேசியே போதுமானதாயிற்று. சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பப்பெற்றன. வேறு சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியோடு, வாரம் ஒருமுறை ஆசிரியர் ஒருவர் அழைத்துப் பெற்றோரோடும் குழந்தையோடும் 15, 20 நிமிடம் பேசினார். 2022-இல் முடிவு அச்சேறியது. குறுஞ்செய்தி மட்டும் பெற்ற குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. பேச்சும் பெற்ற குழந்தைகள் கணக்கில் முன்னேறினர். அவர்தம் பெற்றோரும் பிள்ளையின் நிலையை முன்னிலும் சரியாக அறிந்துகொண்டனர். பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் இதே முறை சோதிக்கப்பட்டபோதும் பேசிக் கற்பித்தல் பயன் தந்தது.

இப்போது நம் கைகளிலுள்ள வகுப்புக் குழுவைத் திறந்து பாருங்கள். "நாளை கட்டணம் செலுத்த இறுதி நாள்." "சீருடை அணிந்து வரவும்." "பக்கம் 42 எழுதி வரவும்." கூடவே யாரோ ஒருவரின் காலை வணக்கப் படம், பூங்கொத்துடன்! அந்தப் பூங்கொத்துகளுக்கு அஞ்சியே பல பள்ளிகள் குழுவைப் பூட்டிவிட்டன. நிர்வாகி மட்டுமே எழுதலாம், பெற்றோர் வாசிக்கலாம். இவ்வசதி 2018-இல் வந்தது. அதனால் அமைதி கிட்டியது என்பது மெய்யே. ஆயினும் அத்தோடு குழு, பள்ளிச் சுவரிலிருந்த அறிவிப்புப் பலகையாகிவிட்டது. பலகை வீட்டுக்குள் வந்திருக்கின்றது என்பதே வேறுபாடு. பூட்டாத குழுக்களிலோ வேறொரு கொடுமை. வீட்டுப்பாடம் முடிக்காத குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் நாற்பது குடும்பங்கள் காண வெளியிடப்படுகின்றது. எழுதப் படிக்க அறியாத அன்னை அப்பட்டியலைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டி, "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்க, அவள் உரக்க வாசிக்கும் அவலத்தை எண்ணிப் பாருங்கள். மறுநாள் அக்குழந்தை என்ன முகத்தோடு பள்ளிக்கு வரும்?

இதற்கு மாற்று, அதே கருவியினுள்ளேயே இருக்கின்றது. 'பிராட்காஸ்ட்' என்னும் பட்டியல் வழியாக ஆசிரியை ஒரே செய்தியை அனுப்பினால் அது ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே போய்ச் சேரும். பெற்றோர் தரும் விடையும் ஆசிரியைக்கு மட்டுமே வரும். ஒருவர் எண் மற்றவர்க்குத் தெரியாது. ஆசிரியையின் எண்ணைப் பெற்றோர் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தாலன்றிச் செய்தி வந்து சேராது. ஆதலின் பள்ளி திறக்கும் நாளன்றே அதனைப் பதிந்து கொடுத்துவிட வேண்டும். அடுத்து, எழுத்தினும் குரலே மேல். வாட்ஸ்அப்பில் குரல்பதிவு 2013 முதலே உண்டு. "உங்கள் மகன் இன்று 'ற'கரத்திற்கும் 'ர'கரத்திற்கும் வேறுபாடு கண்டுகொண்டான், வீட்டில் அவனை 'கரி, கறி' என்று சொல்லச் சொல்லிக் கேளுங்கள்" என்று ஆசிரியை அரை நிமிடம் பேசி அனுப்பினால், எழுத்தறியாத பாட்டியும் அதனைக் கேட்டு மகிழ்வாள். தெலுங்கு பேசும் இல்லங்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தொழில் தேடி வந்த இல்லங்களும் நம்மிடையே உள்ளன. அவர்களுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வாராவிடினும், மெதுவாகப் பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்வர்.

வீட்டிலிருந்து வகுப்பறைக்கும் ஏதேனும் வர வேண்டாமா? இதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, காரப்பொடி என்று இருபது மீன்களின் பெயரை ஒரே மூச்சில் சொல்லும் பாட்டி நம் தெருவில் இருக்கின்றாள். வாடையும் கொண்டலும் எத்திசையிலிருந்து வீசும் காற்று என்பதை அவள் பாடநூலில் படித்தவளல்லள். ஒரு கூறு மீன் இவ்வளவென்றால் மூன்று கூறுக்கு எவ்வளவு என்று தாளும் எழுதுகோலுமின்றி நொடியில் சொல்லும் அன்னையர் இருக்கின்றனர். அவர்தம் குரலை ஒரு நிமிடம் பதிந்து அனுப்பச் செய்து, இரண்டாம் வகுப்பில் அதை ஒலிக்கச் செய்தால், எண்ணும் எழுத்தும் அங்கேயே தொடங்கிவிடும். தன் பாட்டியின் குரல் வகுப்பறையில் ஒலிக்கக் கேட்ட குழந்தை, தன் வீட்டைப் பற்றி நாணமின்றிப் பேசும். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை.

ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தில் பெருமூச்சு விடுவது நம் காதில் விழாமலில்லை. அவர்களுக்கும் குடும்பம் உண்டு, இரவு பத்து மணிக்கு வரும் "மிஸ், நாளை என்ன கொண்டு வர வேண்டும்?" என்னும் கேள்விக்கு விடையளிப்பது அவர்தம் கடமையன்று. ஆகவே பேசும் நேரத்தை முன்னரே வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என வகுத்துள்ளது. நாளுக்கு மூன்று வீடுகள், வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்று பேசினாலும் பத்துப் பள்ளி நாட்களில் முப்பது வீடுகளும் முடிந்துவிடும். நாளொன்றுக்குக் கால்மணி நேரம். அதனையும் பள்ளி வேளைக்குள் ஒதுக்கிக்கொடுப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. குற்றம் சொல்வதற்காக மட்டுமே அழைக்கும் பள்ளியின் எண்ணைக் கண்டால் பெற்றோர் எடுக்கத் தயங்குவர். ஆதலால் முதல் அழைப்பு நல்ல செய்தியைத் தாங்கியதாக இருக்கட்டும்.

எடுக்கத் தயங்கலாகாத அழைப்புகளும் நம் பகுதியில் உண்டு. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அதனையடுத்து எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம். அம்மாதம் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அடுத்த ஆண்டு அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவ மாணவியர் முப்பதுக்கு மேற்பட்டோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நவம்பர் 4 அன்று பள்ளியை மீண்டும் திறந்தபோதும் சிலர் நலிவுற்றனர். இத்தகைய வேளையில் பெற்றோர்க்குப் பள்ளியிலிருந்து ஒரு சொல் வர வேண்டும். அதுவும் வதந்திக்கு முன்னே வர வேண்டும். நாள்தோறும் நாற்பது வணக்கப் படங்கள் குவியும் குழுவில் அச்சொல் மூழ்கிப்போகும். ஆதலின் ஆபத்துச் செய்திக்கென்று தனியொரு பட்டியல் வைத்து, அதில் வேறெதையும் அனுப்பாதிருத்தல் நன்று. கைப்பேசியை வாயிலில் ஒப்படைத்துச் செல்லும் பெற்றோருக்காக, வீட்டிலோ அண்டையிலோ இருக்கும் இன்னொருவரின் எண்ணும் பள்ளியில் இருக்கட்டும்.

படங்களைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டு விழாவில் ஆடிய சிறுமியின் படம் குழுவிலிருந்து எவரெவர் கைக்குச் செல்கின்றது என்பதை எவரும் அறியார். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென்கின்றது. கல்விப் பணிக்கென விதிகளில் சில விலக்குகள் இருப்பினும், விலக்கைத் தேடுவதைவிடப் பெற்றோரைக் கேட்டுவிடுவது எளிது. குழந்தையின் முகத்துக்கு மாற்றாக அது வரைந்த படத்தை அனுப்பினால் பெற்றோர்க்கு மகிழ்ச்சி குறையப்போவதில்லை.

இவற்றையெல்லாம் யார் முடிவு செய்வது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டுமென்றும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டுமென்றும் விதித்தது. 2012-இல் செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழுவுக்கு ஆலோசனை கூறும் பணி மட்டுமே உண்டு. நம் பங்குகளின் உதவிபெறும் பள்ளிகள் இவ்வகையினவே. அதிகாரம் இல்லை என்பதற்காக ஆலோசனை கேட்கக்கூடாதென்பதில்லையே! எந்த வேளையில் அழைத்தால் எடுப்பீர்கள், எந்த மொழியில் பேசட்டும், படம் அனுப்பலாமா, ஆபத்துக்கு எவரை அழைப்பது ஆகிய நான்கு வினாக்களை ஜூன் மாதக் கூட்டத்தில் கேட்டு, விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி ஆசிரியை மேசையில் வைத்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் போதும். அக்கூட்டத்தையும் மீன் விற்று வந்த அன்னையர் சற்று இளைப்பாறியபின், மாலை நான்கு மணிக்கு மேல் வைத்தல் நலம்.

கைப்பேசியே இல்லாத வீடு வகுப்பில் ஒன்றோ இரண்டோ இருக்கும். அவ்வீடுகளின் பெயர்களைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பழைய டைரியும், மாதம் ஒருமுறை ஆசிரியையின் கால்நடைப் பயணமும்தான் வழி.