மெகாவாட் கணக்கில் மறையும் புகையும் சாதியும்

மின் உற்பத்தித் திறனில் பாதி இனி நிலக்கரி, எரிவாயு சாராதது; 2030க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்பே எட்டிவிட்டோம் என்று 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மார்தட்டிக்கொண்டது. கைதட்டும் முன் ஒரு கேள்வி: பாதித் திறன் என்றால் பாதி மின்சாரமா?

இல்லை. 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் இரவையும் மேகத்தையும் கழித்தால் சராசரியாக 20 மெகாவாட் அளவுக்குத்தான் மின்சாரம் தரும். அதே திறனுள்ள அனல்மின் நிலையம் ஏறத்தாழ மூன்று மடங்கு தரும். அதனால்தான் இன்றும் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 70 விழுக்காடு நிலக்கரியிலிருந்து வருகிறது.

சூரிய ஒளியும் காற்றும் வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு பத்தாண்டுகளில் 800 கிராமுக்கு மேலிருந்து 700 கிராமை ஒட்டி இறங்கியிருக்கிறது. ஆனால் மின் துறையின் மொத்தக் கரியமில வாயுவோ இதே காலத்தில் ஆண்டுக்கு 80 கோடி டன்னுக்குக் கீழிருந்து 100 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. மின் தேவை பெருகுகிறது. நம் இலக்கோ புதிதாக எத்தனை மெகாவாட் நிறுவினோம் என்று எண்ணுகிறதே தவிர, எத்தனை டன் நிலக்கரியைக் குறைத்தோம் என்று கேட்பதில்லை. போதாக்குறைக்கு, 2032க்குள் இன்னும் 80,000 மெகாவாட் அனல்மின் திறன் சேர்க்கத் திட்டமும் இருக்கிறது.

சரி, அந்த மெகாவாட்டுகள் யார் நிலத்தில் எழுகின்றன? கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்காவைப் பாருங்கள். 2,050 மெகாவாட், 13,000 ஏக்கர். நிலத்தைப் பறிக்கவில்லை, குத்தகைக்கு எடுத்தோம் என்று பெருமை பேசுகிறார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கிய அந்தக் குத்தகை, நிலம் பெயரில் உள்ளவர்களுக்குப் போகிறது. அதே வயலில் களையெடுத்து, அறுத்து வயிறு கழுவிய நிலமற்ற தலித் கூலிகளுக்குக் குத்தகைப் பணமும் இல்லை, வயல் வேலையும் இல்லை.

கருத்தரங்குகளில் இதைக் கேட்டால், "இதிலுமா சாதி?" என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் கையில் உள்ள சாகுபடி நிலம் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. சூரியத் தகடு சாதி பார்க்காது, உண்மைதான். ஆனால் குத்தகை பட்டா பார்க்கிறது. பட்டா சாதி பார்க்கிறது.

எதிர்த்துப் பேசவும் இடமில்லை. சூரிய மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதியிலிருந்து விலக்கு. ஆகவே அதன் கீழ் வரும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது.

எனவே நம் கோரிக்கை பசுமை மின்சாரம் வேண்டாம் என்பதல்ல. இலக்கை மெகாவாட்டில் மட்டும் வைக்காதே, குறைக்கும் புகையின் டன்னிலும் வை. எந்த அனல்மின் நிலையம் எந்த ஆண்டில் மூடப்படும் என்று சொல். கருத்துக் கேட்பு நடத்து. குத்தகை வருவாயில் நிலமற்றவர்களுக்கும் சட்டப்படி பங்கு கொடு.

இவை இல்லாத பசுமை, பழைய பண்ணையார்த்தனத்துக்குப் போட்ட புதுக் கூரை.