தைத்தவர் கையும் கப்பற் கூலியும்

யுத்தத்தால் காணியை விட்டு எழும்பிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தவற்றில் தையல் இயந்திரமும் ஒன்று. மண்வெட்டி பிடிக்க நிலம் இல்லாவிட்டாலும் இயந்திரம் வைக்க வீட்டில் ஒரு மூலை போதும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். இப்போது அடுத்த ஆலோசனையும் வருகின்றது. "உள்ளூரில் விற்று என்ன காணப்போகின்றீர்கள்? வெளிநாட்டுக்கு அனுப்பினால் டொலரில் உழைக்கலாம்" என்கின்றார்கள். ஆனால் தையல் பழக்க மாதக்கணக்கில் வகுப்பு வைப்பவர்கள், தைத்த உடுப்பு எப்படிக் கடல் கடக்கின்றது என்பதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாளைக்கூட ஒதுக்குவது அரிது. அதைச் சொல்லாமல் எமது பெண்களை ஏற்றுமதிக்குள் தள்ளுவது நியாயமல்ல என்பதே எமது கருத்து.

வெங்காயத்தை லொறியில் கொழும்புக்கு ஏற்றிய விவசாயிக்கு ஒரு பாடம் தெரியும். லொறிக்கூலி யாருடையது? வழியில் அழுகினால் நட்டம் யாருக்கு? காசு எப்போது கைக்கு வரும்? இந்த மூன்றையும் பேசாமல் மூடையை ஏற்றினால் இலாபம் தரகருக்கு, நட்டம் தோட்டக்காரருக்கு. கப்பல் வியாபாரத்திலும் கேட்கவேண்டியவை இதே மூன்று கேள்விகள்தான்.

முதலாவது, கூலி. 20 அடிக் கொள்கலன் ஒன்றில் ஏறத்தாழ 33 கன மீற்றர் இடம் உண்டு. பெரிய தொழிற்சாலை அதை முழுதாக நிரப்பிவிடும். பத்துப் பெண்கள் சேர்ந்த குழுவிடம் இருப்பதோ சில அட்டைப்பெட்டிகள். மற்றவர்களின் சரக்கோடு பங்கு இடம் எடுத்து, கன மீற்றர் கணக்கில் காசு கட்டவேண்டும். சுங்கப் பத்திரச் செலவும் முகவர் கட்டணமும் சரக்குக் குறைவு என்பதற்காக அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே ஒரு சட்டைக்கு விழும் செலவு எமக்கே அதிகம். இதற்கு முன்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புத் துறைமுகம் வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் லொறிக்கூலியும் இருக்கின்றது. கப்பற் கூலியும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2019 இல் 40 அடிக் கொள்கலனுக்கு உலகச் சராசரியாக 2,000 டொலருக்கும் குறைவாக இருந்த கூலி, 2021 செப்ரெம்பரில் 10,000 டொலரைத் தாண்டியது.

ஆகவே விலை பேசும்போது எந்த முறையில் பேசுகின்றோம் என்பது முக்கியம். எப்.ஓ.பி. முறையில், சரக்குக் கப்பலில் ஏறும் வரையான செலவும் பொறுப்பும் எம்முடையவை. அதன் பின்னர் வாங்குபவருடையவை. சி.ஐ.எப். முறையில் கப்பற் கூலியும் காப்புறுதியும் எமது தலையில் விழும். சிறு குழுக்கள் இந்த இரண்டாவது முறைக்கு இணங்கவே கூடாது.

இரண்டாவது, பழுது. துணிக்கு எதிரி ஈரம். எமது வெப்பக் கரையில் மூடிய கொள்கலன் குளிர்ந்த கடலுக்குள் போகும்போது உள்ளே இருக்கும் ஈரக்காற்று கூரையில் வியர்த்துப் பெட்டிகளின் மேல் சொட்டும். சரியாகக் காயாத நெல்லை மூடை கட்டினால் என்ன நடக்குமோ அதுவே உடுப்புக்கும் நடக்கும்; பூஞ்சணம் பிடிக்கும். நன்றாக உலர்த்துவது, பொலித்தீன் உறையிடுவது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைப்பது எல்லாம் வீண் செலவல்ல. தாமதமும் ஒருவகைப் பழுதுதான். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்கான கப்பல்களில் பல சுயஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி ஓடின. பயணம் பத்து நாள், இரண்டு வாரம் என்று நீண்டது. நத்தாருக்குத் தைத்த உடுப்பு நத்தார் முடிந்து போய்ச் சேர்ந்தால் அதை யார் வாங்குவார்?

மூன்றாவது, காசு. 2020 இல் கொரோனா பரவியபோது மேற்கு நாட்டுப் பெரும் கொள்வனவாளர்கள் பலர், தைத்து முடித்த கட்டளைகளைக்கூட இரத்துச் செய்தார்கள் அல்லது நிறுத்திவைத்தார்கள். பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டொலருக்கு மேற்பட்ட கட்டளைகள் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு ஆடை உற்பத்தியாளர் சங்கம் கணக்கிட்டது. பெரிய தொழிற்சாலைகளே ஆட்டம் கண்டபோது கடன்பட்டுத் துணி வாங்கிய ஒரு கிராமக் குழு என்ன செய்யும்? ஆகவே பாதிப் பணமாவது முற்பணமாக வரவேண்டும். அல்லது வாங்குபவரின் வங்கி நாணயக் கடிதம் தரவேண்டும். நாணயக் கடிதம் இருந்தாலும் பத்திரங்களில் பெயர், தொகை, திகதி ஒன்று பிசகினால் வங்கி பணம் தர மறுக்கலாம்.

அப்படியானால் ஏற்றுமதியே வேண்டாமா? அப்படி நாம் சொல்லவில்லை. ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2010 இல் நிறுத்தப்பட்டு 2017 மே மாதம் இலங்கைக்குத் திரும்பக் கிடைத்தது. நெய்த துணியில் தைக்கும் உடுப்புக்கு அதைப் பெறுவதானால், துணியும் இங்கேயே நெய்யப்பட்டிருக்கவேண்டும் என்பது பொது விதி. இறக்குமதித் துணியில் தைப்பவரைவிட எமது கைத்தறி நெசவாளருக்கு அது ஒரு வாய்ப்பு. ஆனால் தனித்தனிக் குழுவாக நின்று அதைப் பிடிக்கமுடியாது. பல கிராமத்துக் குழுக்கள் ஒரு கூட்டுறவாகச் சேர்ந்து, ஒரே அளவு, ஒரே தரம் என்று சரக்கைத் திரட்டினால்தான் கொள்கலனும் நிறையும், பேரம் பேசும் பலமும் வரும். ஏற்றுமதி செய்யுங்கள் என்று ஊக்குவிக்கும் நிறுவனங்கள் முதற் சரக்கின் நட்ட அபாயத்தில் பங்கேற்கட்டும். பங்கேற்க மனமில்லாதவர்கள் ஆலோசனை சொல்லவும் வேண்டாம். அதுவரை பாடசாலைச் சீருடையும் ஊர்ச் சந்தையும் கைவிடத்தக்கவை அல்ல. அவற்றில் காசு குறைவு, ஆனால் அன்றைக்கே கைக்கு வருகின்றது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் எழும்பிய விவசாயக் குடும்பங்களில் பல, தமது செம்மண்ணுக்குத் திரும்ப இருபது, முப்பது வருடங்கள் காத்திருக்க நேர்ந்தது. தையல் இயந்திரம் கொடுத்தாயிற்று என்பதற்காகக் காணிக் கேள்வி தீர்ந்துவிடாது. தையல் துணைத் தொழிலாக இருக்கட்டும். காணியைக் கேட்பதை நாம் நிறுத்தக்கூடாது. கப்பலில் ஏற்றுவதாக இருந்தால், அந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பின்னரே பெட்டியைக் கட்டுவோம்.