செத்த மொழியில் பேசிப் பழகுங்கள்!

உழைக்கும் பெற்றோர்களே!

"சோறு போடாத மொழி எதற்கு?" என்று கேட்பவர்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் கிடக்கும் மேன் தீவில் இதை எப்போதோ கேட்டு முடித்துவிட்டார்கள். மேங்க்ஸ் பேசி ஒரு பென்னிகூடச் சம்பாதிக்க முடியாது என்பது அங்கே வாய்க்கு வாய் புழங்கிய பேச்சு. மீன் பிடித்தவனும் நிலம் உழுதவனும் அதை நம்பினான். பிள்ளையிடம் ஆங்கிலம் மட்டுமே பேசினான். அவனைத் திட்ட நமக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடம், வியாபாரம், பிழைப்பு எல்லாமே ஆங்கிலமாக இருந்தால் அவன் என்ன செய்வான்?

ஆனால் கணக்கைப் பாருங்கள். 1901-இல் மேங்க்ஸ் பேசியவர்கள் 4,419 பேர். 1931-இல் சுமார் 530. 1961-இல் 165. 1974 டிசம்பர் 27-ஆம் தேதி நெட் மாட்ரல் என்ற கிழவர் தம் 97-ஆவது வயதில் இறந்தார். வீட்டிலேயே மேங்க்ஸ் கேட்டு வளர்ந்த கடைசி மனிதர் அவர்தான். கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள்.

அந்தக் கிழவரிடம் மட்டும் மொழி எப்படி மிஞ்சியது? சங்கம் வைத்தா? சங்கம் 1899-லேயே வந்துவிட்டது! சிறு வயதில் கிரெக்னிஷ் கிராமத்தில் வயதான ஓர் உறவுக்காரப் பாட்டி அவரை வளர்த்தார். பாட்டிக்கு ஆங்கிலம் சரியாக வராது. சோறு கேட்க வேண்டுமானால் பாட்டியின் மொழியில்தான் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். 1947-இல் அந்தத் தீவுக்கு வந்த அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா அவரைப் பார்த்துப் பேசினார். மறு ஆண்டே அயர்லாந்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு ஆள் வந்து அந்தக் குரல்களைப் பதிவு செய்தார்கள். அயல்நாட்டானுக்கு வந்த அக்கறை அது!

இப்போது ஒருவர் மேங்க்ஸ் பேசக் கற்றுக்கொள்ளத் தொடங்கினால் என்ன நடக்கும்? முதலில் எழுத்து ஏமாற்றும். எழுதியிருப்பது ஒன்று, வாயில் வருவது வேறு. ஆகவே காதால் கேட்டுத்தான் படிக்க வேண்டும். 'மோரா மை' என்றால் காலை வணக்கம். 'கிஸ் தௌ' என்றால் எப்படி இருக்கிறாய். நன்றி சொல்ல, வயதில் சிறியவருக்கு 'குரா மை எட்'. பெரியவருக்கோ பலருக்கோ 'குரா மை யூ'. நீ, நீங்கள் என்ற மரியாதையோடு வளர்ந்த நமக்கு இதில் என்ன கஷ்டம்? ஆங்கிலேயன்தான் திணறுவான்.

பசிக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? 'தா அக்கரஸ் ஓரம்'. பசி என்மேல் இருக்கிறது என்று பொருள். எனக்குப் பசிக்கிறது என்று நாம் சொல்லும்போதும் பசிதானே வேலை செய்கிறது, நாம் வெறும் 'எனக்கு'! ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. 'வெல் ஊ ஸ்கீ', களைப்பாக இருக்கிறாயா என்று கேட்டால், 'தா', இருக்கிறேன். இல்லையென்றால் 'ஹா நெல்'. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்று சொல்வதுபோல. பெண்ணுக்கு அங்கே 'பென்'. (உடனே லெமூரியாவுக்குக் கப்பல் ஏறிவிடாதீர்கள், தற்செயல்தான்.) அந்தப் பெண் என்று குறிப்பிட்டால் முதலெழுத்து மாறி 'இன் வென்' ஆகிவிடும். தொடங்குபவர் தடுமாறும் இடம் இது. தடுமாறட்டும்! இலக்கணம் முழுக்கத் தெரிந்த பிறகுதான் வாய் திறப்பேன் என்றவர் ஒருநாளும் திறக்கமாட்டார்.

2001-இல் ஒன்பது பிள்ளைகளோடு ஒரு மேங்க்ஸ் வழி ஆரம்பப் பள்ளியைத் தொடங்கினார்கள். 2009-இல் ஐ.நா.வின் யுனெஸ்கோ தன் பட்டியலில் மேங்க்ஸ் அழிந்துவிட்டது என்று போட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மேங்க்ஸிலேயே கடிதம் எழுதிக் கேட்டார்கள். அழிந்த மொழி என்றால் நாங்கள் எழுதுவது எந்த மொழி? பெரிய அதிகாரிகளிடம் பதில் இல்லை. பட்டியலைத் திருத்தினார்கள்.

2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 84,000 பேரில் 2,223 பேர் தங்களுக்கு மேங்க்ஸ் ஓரளவாவது தெரியும் என்றார்கள். பலருக்கு வணக்கமும் நன்றியும் தாண்டி அதிகம் வராது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். 1961-இல் 165 பேர் என்றபோதும் இவர்கள் சிரித்தவர்கள்தானே? பென்னி கணக்குப் பார்த்தவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்தத் தீவின் பள்ளிகளில் 1992 முதல் மேங்க்ஸ் விருப்பப் பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் உண்டு!

கொடுமை என்னவென்றால், பாட்டி இலவசமாகக் கொடுத்ததைப் பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பு வைத்து, பழைய ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, வாயைக் கோணிக்கொண்டு மீட்கிறார்கள். ஒரு தலைமுறை வீட்டில் வாய் மூடியதற்கு மூன்று தலைமுறை வட்டி கட்டுகிறது.

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? ஷிப்டு முடிந்து வந்த களைப்பில், பிள்ளை அவரிடம் எந்த மொழியில் சோறு கேட்கிறது என்று இன்றிரவு கவனியுங்கள்.