படத்தின் பாத்தியதை யாருக்கு?

ஒரு மனிதனை நிறுத்திப் போட்டோ எடுத்தால் அந்தப் படத்தின் உரிமை யாருக்கு என்று கேட்டால், படத்தில் இருப்பவனுக்குத்தான் என்று நம்மில் அநேகர் சொல்லிவிடுவார்கள். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லுவதில்லை. நம் நாட்டு 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவனே அதற்குக் கர்த்தா. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவன் இருந்தால் உரிமை அவனுக்கு. சம்பளத்திற்கு எடுத்திருந்தால் முதலாளிக்கு. படத்தில் நிற்கிறான் என்பதற்காக மாத்திரம் ஒருவனுக்கு அதில் பதிப்புரிமை கிடையாது.

பணம் கொடுத்துத் தன் கலியாணத்தைப் படமெடுக்கச் சொல்லுபவனுக்கு இதனால் நஷ்டமொன்றுமில்லை. ஆனால் எடுக்காதே என்று மறுக்க வகையில்லாதவன் கதி என்ன என்பதே நமது கேள்வி.

1850-ம் வருஷம் அமெரிக்காவில், தென் கரோலினா மாகாணத்துக் கொலம்பியா நகரில், அடிமையாய் வைக்கப்பட்டிருந்த ரென்டி என்பவரையும், அவர் மகள் டெலியாவையும், இன்னும் ஐவரையும் ஆடை களைந்து நிறுத்தி, வெள்ளிப் பூச்சிட்ட தகடுகளில் 15 படங்கள் எடுத்தார்கள். எடுக்கச் செய்தவர் ஹார்வர்டு சர்வகலாசாலைப் புரொபசர் லூயி அகாசிஸ். எதற்காக? கறுப்பர் பிறப்பு வேறு, வெள்ளையர் பிறப்பு வேறு என்று ருசுப்படுத்துவதற்காக! முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று பேதம் கற்பித்தவர்கள் இங்கு வேதத்தைக் காட்டினார்கள்; அங்கு விஞ்ஞானத்தைக் காட்டினார்கள். இரண்டும் ஒரே புரட்டுதான்.

அப்படங்கள் ஹார்வர்டின் பீபாடி மியூசியப் பரணில் கிடந்து 1976-ல் வெளிப்பட்டன. ரென்டியின் வழிவந்தவர் என்று சொல்லும் ஓர் அம்மையார் அவற்றைத் தம்மிடம் ஒப்புவிக்க வேண்டுமென்று 2019-ல் வழக்குத் தொடுத்தார். 2022-ல் மாசசூசெட்ஸ் மாகாணத் தலைமைக் கோர்ட்டார், படங்கள் எடுக்கப்பட்ட விதம் கொடியது என்பதை ஒப்புக்கொண்டும், படத்தில் இருப்பவருக்குப் படத்தின்மேல் சொத்துரிமை இல்லையென்றே தீர்ப்புச் சொன்னார்கள். அம்மையாருக்கு உண்டான மனவேதனைக்காக மாத்திரம் மேற்கொண்டு வழக்காட இடங்கொடுத்தார்கள். கடைசியில் 2025-ல் சமரசம் ஏற்பட்டு, படங்களைத் தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்கர் மியூசியத்திற்கு விட்டுக்கொடுக்க ஹார்வர்டு இசைந்தது. சந்தோஷமே. ஆனால் சமரசம் சட்டமாகிவிடாது.

நிற்க, போட்டோக்காரன் பிழைப்பைக் கெடுப்பது நமது நோக்கமல்ல. அவன் உழைப்புக்குப் பலன் வேண்டியதுதான். தடியெடுத்து ஏழையை அடிப்பவனைப் படமெடுக்க அவன் சம்மதத்தைக் கேட்க வேண்டுமென்றும் நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அக்கிரமக்காரனுக்கே அது கேடயமாய் முடியும். ஆனால் உழைப்பால் வந்த உரிமை வேறு, அடிமைத்தனத்தால் வந்த உரிமை வேறு. திருட்டுச் சொத்து எத்தனை கை மாறினாலும் திருட்டுச் சொத்துதானே! மறுக்க முடியாதவரிடமிருந்து பறித்த உருவத்திற்கு மாத்திரம் வேறு நியாயம் ஏன்?

ஆகவே, பலாத்காரத்தால் எடுத்த படத்தின்மேல் எடுத்தவனுக்கும், எடுக்கச் சொன்னவனுக்கும், அதை வைத்திருப்பவனுக்கும் யாதொரு பாத்தியதையும் இல்லையென்று சட்டமே சொல்ல வேண்டும். தன் உருவத்தின்மேல்கூடத் தனக்குப் பாத்தியதை இல்லாதவனிடம் சுயமரியாதையைப் பற்றிப் பேசுவதில் என்ன பிரயோஜனம் என்று கேட்கின்றோம்.