நத்தைக்குத்தியின் அலகு

இந்த இதழின் பின்னட்டையில் நிற்கும் நத்தைக்குத்தி நாரையை வடுவூர் ஏரிக்கரை வயலில் பார்த்து பென்சிலால் வரைந்தவர் ஒரு கல்லூரி மாணவி. அச்சுக்குப் போகுமுன் படம் பலர் கைக்குப் போய் வந்தது. "சூப்பர், உயிரோட நிக்குது" என்றார்கள். இதைக் கேட்டு அந்தப் பெண் எந்தக் கோட்டைத் திருத்துவார்? ஒருவர் மட்டும் அலகில் விரல் வைத்தார். "இதுக்கு அலகு நடுவுல ஒட்டாதேம்மா, சந்து தெரியும். நீ மூடிட்டியே?"

உருப்படியான விமர்சனம், ஆனால் தப்பு. அந்தச் சந்து குஞ்சுக்குக் கிடையாது, வளர்ந்த பறவைக்குத்தான் உண்டு. மாணவி பார்த்தது இளம் பறவை. "எங்கே, எப்போ பார்த்தே?" என்று முதலில் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே தெளிந்திருக்கும். காட்டுயிர்ப் படத்தைப் பற்றி வாய் திறக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி அது. பிறகு பறவையைப் பார்க்கலாம், அதற்கும் பிறகு பென்சிலை.

கேட்டுத் திருத்த ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் சாட்சி. லிஸ்பனுக்கு வந்திறங்கிய காண்டாமிருகத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. ஒரு கோட்டுப்படத்தையும் வர்ணனையையும் நம்பி 1515இல் வரைந்தார். பிடரியருகே இல்லாத கொம்பொன்று முளைத்தது. ஐரோப்பியப் புத்தகங்கள் இருநூறு ஆண்டுக்கு மேல் அதையே பார்த்து வரைந்தன.

நமக்கு அந்தக் குறை இல்லை. மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தஞ்சை ஓவியர்களைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைய வைத்த ஊர் இது. அதைவிட, வயலில் இறங்கும் எல்லாரும் கொக்கையும் நாரையையும் தினம் பார்க்கிறவர்கள். ஆனால் படத்தை டிராயிங் மாஸ்டரிடம் காட்டுகிறோமே தவிர, நடவுக்காரரிடம் காட்டுவதில்லை.

இந்தப் படத்தை நடவுக்காரர்களிடமும் காட்டினோம். சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரு அம்மா சொன்னார்: "சேத்து வயல்ல நின்னா பாதம் எப்படித் தெரியும்? வரப்புலயா நிக்குது?" வயலில்தான் நின்றது. நாலு விரலும் நகமும் அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தன. மாணவிக்கு அழிக்க மனசில்லை. ரப்பரை எடுக்க ஒரு நாள் ஆயிற்று. "இது என் ஸ்டைல்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், சொல்லவில்லை. (ஸ்டைல் என்று சொல்லி நம் ஓவியர்கள் தப்பவிட்ட தவறுகளைத் தனி இதழாகவே போடலாம்.)

பென்சில் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. வெளிறிய முதுகைக் காட்டச் சுற்றிலும் அழுத்திக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டை எடுத்துவிட்டு, பின்னாலுள்ள பயிரை 4பி-யால் கருக்கச் சொன்னோம். முதுகு தானாக வெளுத்தது.

பறந்து போகும் கொக்குப் படங்களும் நிறைய வருகின்றன. கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும், நாரை நீட்டிப் பறக்கும். வந்த படங்களில் பாதிக் கொக்குகள் நாரையாகப் பறக்கின்றன.

அடுத்த இதழுக்குப் படம் அனுப்புகிறவர்கள் தாளின் பின்புறம் இடம், மாதம், எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள். போட்டோவைப் பார்த்து வரைந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். கருத்து எழுதுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.