கேட்பதும் வைத்தியம்தான்

 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா வீட்டுக்கு வந்தார். "சார், நர்சிங் படிச்சா, பிஎச்.டி.யும் முடிச்சா. இப்ப மைக் வாங்கி வச்சுக்கிட்டு நோயாளிங்களைப் பேட்டி எடுத்து பாட்காஸ்ட் போடப் போறாளாம். நீங்க சொன்னாக் கேப்பா" என்றார். (பாட்காஸ்ட் என்பது நம் காலத்து வானொலிப் பேட்டி மாதிரி. நினைத்த நேரத்தில் செல்போனில் கேட்கலாம்.)

மறுநாள் அவளிடம் பேசினேன். அவளை மாற்றப் போய் நான் மாறிவிட்டேன். அவள் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

"சார், ஒரு மணி நேரம் மனசு விட்டுப் பேசினவங்க என் ஆய்வுக் கட்டுரையில ரெண்டு வரியா ஆயிட்டாங்க. அதுவும் இங்கிலீஷ்ல. அவங்களாலயே படிக்க முடியாது" என்றாள்.

பிறகு சிசிலி சாண்டர்ஸ் பற்றிச் சொன்னாள். 1940-இல் லண்டனில், நைட்டிங்கேல் தொடங்கிய பள்ளியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தவர். முதுகுவலியால் அந்த வேலையை விட நேர்ந்தது. மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். பிறகு 1957-இல் டாக்டர் பட்டமே வாங்கினார். சாகும் தறுவாயில் இருந்தவர்களின் பேச்சை டேப்பில் பதிவு செய்து கேட்டார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒரு பெண்மணி முதுகில் தொடங்கி, கணவரும் மகனும் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போய்விடுமே என்ற கவலை வரை சொல்லிக்கொண்டே போனாராம். உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்று சாண்டர்ஸ் சொன்னது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். 1967-இல் அவர் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம்தான் இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கு முன்மாதிரி.

இதைக் கேட்டதும் எனக்கு என் மனைவி நினைவு வந்தது. கடைசி நாட்களில், "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்று தினமும் கேட்பார்கள். "அஞ்சு" என்பாள். ஒரு ராத்திரி ஒரு நர்ஸ் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னம்மா யோசனை?" என்றாள். "ரேஷன் கார்டு எங்க இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாதும்மா. தனியா என்ன பண்ணுவாரு" என்றாள் இவள். பக்கத்தில்தான் இருந்தேன். நாற்பது வருடம் குடும்பம் நடத்திய எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை.

முப்பத்து நாலு வருடம் வகுப்பில் கேள்வி கேட்டவன் நான். எல்லாமே எனக்கு விடை தெரிந்த கேள்விகள். விடை தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது வேறு வித்தை. இந்தப் பெண் அதைக் கற்றுக்கொள்ளப் போகிறாள். நர்ஸ் வேலையை விட்டுப் போகிறாள் என்று இதற்குச் சொல்ல முடியுமா?

ஆனாலும் வாத்தியார் புத்தி போகுமா? மூன்று விஷயம் சொன்னேன். ஒன்று, தன் கவனிப்பில் இருக்கும் நோயாளியைப் பேட்டி எடுக்கக் கூடாது. ஊசி போடுகிற பெண் கேட்டால் யாருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வரும்? இரண்டு, வெளியிடும் முன் அவர்களைக் கேட்க வைக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் பெயரை மாற்றலாம், குரலை ஊரே கண்டுபிடித்துவிடும். மூன்று, "எடுத்துடும்மா" என்று எப்போது சொன்னாலும் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவதைக் கேட்டுச் சிரித்தாள். அமெரிக்காவில் மேடிசன் நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 2013 முதல் அப்படித்தான் செய்கிறார்களாம். நோயாளியின் வாழ்க்கைக் கதையைக் கேட்டு எழுதி, அவருக்கே படித்துக் காட்டித் திருத்தி, அவர் சம்மதத்தோடு மருத்துவக் கோப்பில் சேர்க்கிறார்கள். மூன்றாவதை மட்டும், "யோசிக்கலை சார், எழுதிக்கிறேன்" என்றாள்.

அவள் அப்பாவுக்கு என் பதில் இதுதான்: உங்கள் மகள் சரியாகத்தான் போகிறாள். முதல் பேட்டி வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம், காபி என் வீட்டில்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுப் பெரியவர்களிடம் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்ட கையோடு, "என்ன யோசனை?" என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்