பாராட்டும் ஒரு மொய்தானா?

(11ஆம் வகுப்பு மாணவி)

மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு இந்தச் சுவர் வழியாகத் தலைதெறிக்க ஓடும் என் சக மாணவ மாணவியரே! கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். முட்டை எங்கேயும் ஓடிவிடாது.

நம் ஊர் மெய்நின்றநாதர் கோயிலுக்குப் போகாதவர்கள் இங்கே யாரும் இருக்க முடியாது. 81 அடி உயரத்துக்குச் சிவபெருமான் நிற்கிறார். அவருக்கு எதிரே 7¼ அடி உயரத்தில் நக்கீரர் சிலை. வெளியூர்க்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து சிவனைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு என்னவோ கீழே நிற்கிற நக்கீரரைப் பார்க்கத்தான் பிடிக்கும். எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரிய ஆள் என்று தெரிந்தும் அப்படியே நிற்கிறாரே! கீரமங்கலம் என்ற பெயரிலேயே கீரன் இருக்கிறார் என்று ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

கதை எல்லாருக்கும் தெரியும். பாண்டிய மன்னனின் சந்தேகம், ஆயிரம் பொன், தருமி, சிவன் எழுதிக்கொடுத்த பாட்டு, சபையில் நக்கீரர் சொன்ன குற்றம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் கதை. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் நாகேஷ் புலம்பியதும், சிவாஜி கர்ஜித்ததும் இன்றைக்கும் டிவியில் போட்டால் வீட்டில் யாரும் சேனலை மாற்ற விடமாட்டார்கள். அதில் நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராஜனேதான். அவர் பேசும் அந்த வசனத்தை நான் எழுதவே வேண்டாம், நீங்களே மனசுக்குள் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பாட்டு இறையனார் பெயரில் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக இருக்கிறது. சந்தேகமிருந்தால் தமிழ் ஐயாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது வேற. குற்றம் சொன்ன நக்கீரரை எல்லாருக்கும் தெரிகிறது. புகழ்ந்த நக்கீரரை? திருமுருகாற்றுப்படையை எழுதியவரும் நக்கீரர்தான். 317 அடி! முருகனின் படைவீடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, போய்ப் பாருங்கள் என்று பக்தனை அனுப்பிவைக்கிற பாட்டு. பத்துப்பாட்டிலும் அது முதலில் இருக்கிறது, பதினோராம் திருமுறையிலும் இருக்கிறது. சிவன் மேலும் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி என்று ஒன்று அதே திருமுறையில் நக்கீரர் பெயரில் இருக்கிறது. இந்த நக்கீரர்கள் எல்லாம் ஒருவரா, பலரா என்று அறிஞர்கள் வாதாடுவார்கள். அதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நம் மக்கள் இரண்டு பேரையும் ஒரே ஆளாக நினைத்துக் கும்பிட்டார்கள் இல்லையா, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தப்பு என்றால் தப்பு என்று சொல்லக்கூடிய ஆள் வந்து “நல்லா இருக்கு” என்று சொன்னால், அந்த “நல்லா இருக்கு”க்கு எவ்வளவு விலை இருக்கும், யோசித்துப் பாருங்கள்!

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம்.

நம்ம பக்கத்து மொய் விருந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி என்று எங்கே பார்த்தாலும் பந்தல், பிளக்ஸ், கறிக்குழம்பு. வரிசையாக உட்கார்ந்து மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் இருக்கும். அவர் வீட்டு விருந்து வரும்போது அதற்குமேல் ஒரு தொகை சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மரியாதை போச்சு! கிணறு வெட்டினவர்கள், கல்யாணம் முடித்தவர்கள், பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்கள் என்று மொய்யால் தலை நிமிர்ந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பணத்துக்கு நோட்டு வேண்டியதுதான்.

பாராட்டுக்கும் நோட்டுப் போடுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். நான் உன் கோலத்தை “சூப்பர்” என்றால், நீ என் பேச்சை “வேற லெவல்” என்று சொல்லியாக வேண்டும். நீ என் ஸ்டேட்டஸுக்கு ஹார்ட்டு போட்டால் நான் உனக்கு இரண்டு ஹார்ட்டு போட வேண்டும். போடவில்லை என்றால் மூன்று நாளைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறோம். இது மொய் இல்லாமல் வேறு என்ன? மேடையிலும் இதே கதைதான். எந்த ஊர் விழாவானாலும் பாருங்கள். அவர் இவருக்குப் பொன்னாடை போர்த்துவார், இவர் அவருக்குப் போர்த்துவார், சில நேரம் அதே பொன்னாடையையே!

சாமி கும்பிடுவதும் இப்படித்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “போற்றி போற்றி” என்று 108 தரம் சொல்கிறோமே, அதைக் கேட்டுக் கடவுளுக்கு என்ன ஆகப்போகிறது? நம் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டா இருக்கிறார்? சொல்லிவிட்டு உடனே பாஸாக்கு என்று கேட்டால் அதுவும் மொய்தானே?

இந்தக் கேள்வியை என் அப்பாயியிடம் கேட்டேன். “வாயில போடு” என்றார். என் வாயில்தான். சரி என்று நானே தேடினேன். முதலில் சுந்தரர் கிடைத்தார். கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்ட, சுந்தரருக்கு வந்த கோபத்தில் “நீர் என்ன பித்தரா?” என்று கேட்டுவிட்டார். பிறகு வந்தவர் சிவன் என்று தெரிந்து, என்னவென்று பாடுவது என்று திகைத்தபோது, திட்டினாயே, அந்தச் சொல்லிலேயே ஆரம்பி என்று இறைவன் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. தனக்கு அர்ச்சனை என்பதே பாட்டுதான் என்றும் சொன்னாராம். நம் வீடுகளிலும் “இன்னைக்கு எனக்கு செம அர்ச்சனை” என்றால் திட்டு வாங்கியதாகத்தானே அர்த்தம்! சேக்கிழாருக்கே இது தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

அதே சுந்தரர் திருப்புகலூரில் பாடிய பதிகம் ஒன்று இருக்கிறது. புலவர்களைப் பார்த்துச் சொல்கிறார்: பலமே இல்லாதவனைப் பீமன் என்றும் அர்ச்சுனன் என்றும் பாடினாலும், கை விரிக்காதவனைப் பாரி என்று பாடினாலும் கொடுக்கமாட்டார்கள், வீணாகப் பொய் பேசாதீர்கள், எங்கள் புகலூரைப் பாடுங்கள். அந்தக் காலத்திலேயே பிளக்ஸ் இருந்திருக்கிறது பாருங்கள், ஓலையில்! இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பொய்யாகப் புகழ்ந்தால் கேட்கிறவன் கெடுவதோடு சொல்கிறவன் நாக்கும் கெட்டுப்போகும் என்று அவர் கவலைப்பட்ட மாதிரி இருக்கிறது.

பெரியாழ்வார் இன்னும் ஒரு படி மேலே. மதுரையில் யானை மேல் அவரை ஊர்வலமாக அழைத்துப்போனபோது, பெருமாளே கருடன் மேல் வந்து காட்சி கொடுத்தாராம். ஆழ்வார் வரம் ஏதாவது கேட்டாரா? இல்லை. இவ்வளவு அழகுக்குக் கண்ணு பட்டுவிடுமே என்று பயந்து, நீ பல்லாண்டு நல்லா இருக்கணும் என்று சாமியையே வாழ்த்திப் பாடிவிட்டார்! நம்ம அப்பாயிமார் பேரப்பிள்ளை கன்னத்தில் மை வைக்கிற கதைதான். பக்கத்து பெஞ்சு முஸ்லிம் தோழியிடம் இதைச் சொன்னபோது, எங்க வீட்டிலும் குழந்தையை அழகு என்று சொன்னால் கூடவே “மாஷா அல்லாஹ்” சொல்லணும், இல்லைன்னா உம்மா சண்டைக்கு வந்துடுவாங்க என்றாள். புகழ் எல்லாம் இறைவனுக்கே என்றுதான் அவர்கள் தொழுகையில் ஓதுகிறார்கள். சர்ச்சில் சொல்லும் அல்லேலூயாவுக்கும் கர்த்தரைத் துதியுங்கள் என்றுதான் பொருள். ஆக, சாமிக்குத் தேவையோ இல்லையோ, நல்லதைப் பார்த்தவுடன் வாய்விட்டுச் சொல்லாமல் மனுஷனால் இருக்க முடியவில்லை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் மாசிமகத்தன்று பார்த்திருப்பீர்கள். 33 அடிக் குதிரைக்கு ஆயிரக்கணக்கில் காகிதப்பூ மாலை குவிகிறது. லாரியிலும் வேனிலும் கொண்டுவந்து போடுகிறார்கள். குதிரையா கேட்டது?

இப்படிச் சாமிக்கு வாரிக் கொடுக்கிற நாம், வீட்டில் மட்டும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? எத்தனை பேர் வீட்டில் அம்மாவிடம் குழம்பு நல்லா இருக்கு என்று சொல்கிறோம்? “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்பதுதான் நம்ம வீட்டுப் பாராட்டு. அப்பாமார்கள் அதைவிட மோசம்! மகள் நல்ல மார்க் வாங்கினால் டீக்கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சொல்வார். வீட்டுக்கு வந்தால் “மீதி மார்க் எங்க போச்சு?” கண்ணு பட்டுரும், தலைக்கனம் வந்துரும் என்ற பயமாம். பெருமாளுக்கே கண்ணு படும் என்று பயந்த பெரியாழ்வார் அதற்காக வாயை மூடிக்கொள்ளவில்லையே, கூடுதலாகத்தானே பாடினார்!

வாங்கிக்கொள்ளவும் நமக்குத் தெரியவில்லை. “உன் சுடிதார் அழகா இருக்குடி” என்றால், “ஐய, இது போன தீபாவளிது” என்கிறோம். “நல்லா பேசினே” என்றால் “போடி, கிண்டல் பண்ணாத”. பையன்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். ஒருவர் மனசாரக் கொடுப்பதைத் தட்டிவிடுவது என்ன அடக்கம்? கோயிலில் பூசாரி திருநீறு கொடுத்தால், எனக்கு வேண்டாம் நான் அவ்வளவு நல்லவள் இல்லை என்றா சொல்கிறோம்? கையை நீட்டி வாங்கிப் பூசிக்கொள்கிறோம் அல்லவா? “நன்றி” என்ற ஒரு சொல் போதும்.

இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. நம் வகுப்புகளில் நிறைய பேர் விடியுமுன்னே எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு பூ எடுத்துவிட்டு வருகிறார்கள். மல்லிகை, முல்லை, அரும்பு, கனகாம்பரம். பூவைக் கமிஷன் கடையில் சேர்த்துவிட்டு, அரக்கப்பரக்கக் குளித்து, முதல் மணிக்குள் வந்து நிற்கிறார்கள். விரல் நுனியைப் பார்த்தாலே தெரியும். விலை போகாத நாளில் பூவைக் குப்பையில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்புவதும் உண்டு. அந்தப் பூ சாமி கழுத்துக்கும் போகிறது, மேடையில் உட்காருகிறவர் கழுத்துக்கும் போகிறது. எடுத்தவளுக்கு ஒரு வார்த்தை? முதல் மார்க்குக்குக் கைதட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். பூ எடுத்துவிட்டு வந்து தூக்கத்தோடு மல்லாடி 52 வாங்கினவளுக்கும் ஒரு தட்டு தட்டினால் கை தேய்ந்தா போகும்? அதற்காகச் சும்மா தட்ட வேண்டாம். அந்த 52இல் அவள் சரியாகப் போட்ட ஒரு கணக்கைக் காட்டி, இது நல்லா செஞ்சிருக்கே என்று சொன்னால் அவள் நம்புவாள். பொத்தாம்பொதுவாக “சூப்பர்” என்றால் நம்பமாட்டாள், பாவப்பட்டுச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள்.

கடைசியாகத் தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். விழா என்றால் நன்றியுரை எப்போதும் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள், நாற்காலி மடக்குகிற சத்தம் கேட்கும். மைக்செட் அண்ணன், சத்துணவு சமைக்கிற அக்கா, வளாகம் கூட்டுகிற ஆயா எல்லாரும் அந்தக் கடைசி நிமிடத்தில் “மற்றும் பலர்” ஆகிவிடுகிறார்கள். இந்த ஆண்டுவிழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் நன்றியுரையை வைத்துப் பார்க்கலாமா ஐயா? கூட்டம் முழுசாக இருக்கும்போதே அவர்கள் பெயர் மைக்கில் கேட்கட்டும். வரவேற்புரையில் நான்கு அடைமொழியைக் குறைத்தாலே நேரம் கிடைத்துவிடும். 448ஆம் குறளில் வள்ளுவர் சொல்வது நினைவிருக்கும்: இடித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னன், கெடுக்க எதிரி இல்லாவிட்டாலும் தானே கெட்டுப்போவான். மேடைக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. ஆசிரியர்கள் யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள், மகிழ்ச்சியாகப் படிப்பேன்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். “சூப்பர்” என்று மட்டும் எழுதிவிட்டு ஓடாதீர்கள். எந்த வரி பிடித்தது, எந்த இடம் உளறல், எங்கே ஒற்று விட்டுப்போச்சு என்று எழுதுங்கள். தமிழ் ஐயா முந்திக்கொண்டால் தாள் முழுக்க வட்டமாகிவிடும், உங்களுக்கு இடம் இருக்காது. தயவுசெய்து யாரும் பென்சிலை அறுத்துக்கொண்டு போகாதீர்கள், போன மாதம் கட்டினது இரண்டே நாளில் காணோம்!